புரட்சிப் போர்ச் சிப்பாயாக இருந்து எல்லைப்புறத்தில் குடியேறியவரின் குடும்ப வரலாற்றைத் தேடுவது எப்படி

1775 ஏப்ரலில் லெக்சிங்டனிலும் காங்கார்டிலும் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக மூண்ட அமெரிக்கப் புரட்சிப் போர் 1783இல் பாரிஸ் உடன்படிக்கையோடு முடிவுக்கு வந்தபோது, அதில் போரிட்ட சாதாரணச் சிப்பாய்களில் பலர் தாம் புறப்பட்டுவந்த ஊரிலேயே நிலைத்துத் தங்கவில்லை. அப்பலாச்சிய மலையிலுள்ள கம்பர்லாந்து கணவாய் வழியாகக் கென்டக்கிக்கும் டென்னசிக்கும், ஒஹாயோ ஆற்றில் படகேறி அதன் வடகரைக்கும் குடும்பத்தோடு பெயர்ந்தார்கள். அப்படிப் பெயர்ந்த ஒருவரின் வரலாற்றைத் தேடுபவர், வர்ஜீனியாவின் படைப்பட்டியல் ஒன்றில் ஒரு பெயரையும், மலைக்கு அப்பால் கென்டக்கியின் உயில் புத்தகம் ஒன்றில் அதே பெயரையும் கண்டவுடன், இருவரும் ஒருவரே என்று எழுதிவிடுகிறார். ஜான், வில்லியம், ஜேம்ஸ் போன்ற சில பெயர்களையே அண்ணன் தம்பிகள் எல்லோரும் தத்தம் பிள்ளைகளுக்கு வைத்துவந்த அந்தக் காலத்தில், ஒரே கவுண்டியில் (மாநிலத்தின் உட்பிரிவான மாவட்டம் போன்றது) ஒரே பெயரில் மூன்று பேர் வாழ்ந்தது வியப்பன்று. ஆகவே போரிட்டவரும் குடியேறியவரும் ஒரே ஆள்தான் என்று நிறுவுவதையே வேலையின் நடுவாகக் கொண்டு, மற்ற தேடல்கள் அனைத்தையும் அதைச் சுற்றி அமைத்துக்கொள்ள வேண்டும்.

தேடலைச் சிப்பாயிடமிருந்து தொடங்காமல், உறுதியாகத் தெரிந்த தலைமுறையிலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் செல்லுங்கள். 1850ஆம் ஆண்டுக் கூட்டாட்சி மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் அடிமைப்படுத்தப்படாத ஒவ்வொருவரின் பெயரும் வயதும் பிறந்த மாநிலமும் முதன்முறையாக எழுதப்பட்டன. 1790 முதல் 1840 வரையிலான கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே உண்டு, மற்றவர்கள் வெறும் எண்ணிக்கையாக நிற்கிறார்கள். சிப்பாயின் பிள்ளைகளில் யாரேனும் 1850 வரை உயிரோடு இருந்திருந்தால், அவர் பிறந்த இடமாகச் சொல்லப்பட்ட மாநிலமே, அவர் பிறந்த ஆண்டில் தந்தை எங்கே இருந்தார் என்பதைக் காட்டும். மூத்த பிள்ளை வர்ஜீனியாவிலும் இளைய பிள்ளை கென்டக்கியிலும் பிறந்திருந்தால், குடும்பம் மலையைக் கடந்த காலம் அவ்விரு பிறப்புகளுக்கும் இடையில் அடங்கிவிடுகிறது. 1840ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இன்னொரு உதவியும் செய்கிறது: போர் ஓய்வூதியம் பெற்றுவந்தவர்களின் பெயரும் வயதும் அதில் தனியாகக் குறிக்கப்பட்டுள்ளன. முதியவர் மகன் வீட்டிலோ மருமகன் வீட்டிலோ வாழ்ந்திருந்தால், அந்த வரியே இரு குடும்பங்களையும் இணைக்கும் சான்றாகிவிடும்.

இனி ஓய்வூதியக் கோப்புக்கு வருவோம். இந்தத் தேடலில் இதற்கு இணையான ஆவணம் வேறு இல்லை என்பது என் கருத்து. 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகத்தில் ஏற்பட்ட தீயில் தொடக்ககாலப் பதிவுகள் அழிந்தன. அதற்கு முன் கொடுக்கப்பட்ட விண்ணப்பங்கள் நமக்குக் கிடைக்காததற்கு அதுவே காரணம். அதன் பிறகு சேர்ந்த சுமார் 80,000 கோப்புகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவை நுண்படமாக்கப்பட்டு இன்று இணையத்திலும் படிக்கக் கிடைக்கின்றன. கோப்பு எண்ணுக்கு முன் நிற்கும் எழுத்தைக் கவனியுங்கள். எஸ் என்றால் உயிரோடிருந்த படைவீரரின் கோப்பு, டபிள்யூ என்றால் விதவையின் கோப்பு, ஆர் என்றால் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம். நிராகரிக்கப்பட்டதை ஒதுக்கிவிடாதீர்கள், போதிய மாதங்கள் பணியாற்றவில்லை என்பது போன்ற சட்டக் காரணங்களுக்காகவும் பலருடைய விண்ணப்பம் தள்ளப்பட்டது, அவர்கள் சொன்ன வாழ்க்கை வரலாறு கோப்பில் அப்படியே இருக்கிறது.

எந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தார் என்பதைப் பொறுத்தே கோப்பில் என்ன இருக்கும் என்பது அமைகிறது. 1818ஆம் ஆண்டுச் சட்டம், கான்டினென்டல் படையில் (மாநிலங்களின் படைகளுக்கு மேலாகக் காங்கிரஸ் அமைத்த பொதுப் படை) குறைந்தது ஒன்பது மாதம் பணியாற்றி வறுமையில் இருந்தவர்களுக்கு உரியது. சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 8 டாலர், அதிகாரிக்கு 20 டாலர். வறுமையை மெய்ப்பிக்கும்படி 1820இல் கேட்கப்பட்டதால், அவ்வாண்டைச் சேர்ந்த தாள்களில் பசு, பன்றி, சட்டி, நாற்காலி வரை எழுதப்பட்ட சொத்துப் பட்டியலும், உடன் வாழ்ந்த மனைவி மக்களின் பெயரும் வயதும் பலமுறை கிடைக்கின்றன. குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே உள்ள ஒரு கணக்கெடுப்பு ஆண்டில், வீட்டுக்குள் இருந்தவர்கள் இவர்கள் என்று சொல்லும் தாள் அது.

1832 ஜூன் 7ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டமோ கதவை அகலத் திறந்துவிட்டது. ஆறு மாதப் பணி போதும், உள்ளூர் மிலிஷியாவில், அதாவது ஊர்மக்களைக் கொண்ட காவல் படையில், இருந்தவரும் விண்ணப்பிக்கலாம், வறுமையை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. எழுபதைக் கடந்த முதியவர் கவுண்டி நீதிமன்றத்தில் நின்று, வகுக்கப்பட்ட கேள்விகளுக்கு விடை சொன்னார்: எங்கே, எந்த ஆண்டில் பிறந்தீர்? வயதுக்குப் பதிவு ஏதும் உண்டா? படைக்கு அழைக்கப்பட்டபோது எங்கே குடியிருந்தீர், போருக்குப் பிறகு எங்கெங்கே வாழ்ந்தீர், இப்போது எங்கே வாழ்கிறீர்? தாமாக முன்வந்தீரா, கட்டாயமாகச் சேர்க்கப்பட்டீரா, வேறொருவருக்குப் பதிலாகச் சென்றீரா? உம்மை அறிந்த அண்டை வீட்டார் யார்? முதல் பத்தியில் சொன்ன சிக்கலுக்கு இந்த விடைகளே நேரான மருந்து. போருக்குப் பின் வாழ்ந்த இடங்களை அவர் வரிசையாகச் சொல்லியிருந்தால், படைப்பட்டியலில் உள்ள பெயரையும் உயிலில் உள்ள பெயரையும் இணைக்கும் பாலம் அவர் வாயாலேயே கட்டப்பட்டுவிடுகிறது. ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் நினைவிலிருந்து சொன்னவை என்பதால், ஆண்டுகளும் தளபதிகளின் பெயர்களும் முன்பின்னாக இருக்கலாம். அவரைப் பொய்யர் என்று கொள்ளாமல், படைப்பிரிவு எந்த மாதத்தில் எங்கே இருந்தது என்பதோடு ஒப்பிட்டு ஆண்டை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். கோப்பின் சுருக்கங்கள் பல இடங்களில் கிடைக்கும். அவற்றோடு நிற்காமல், மூலத் தாள்கள் அத்தனையையும் இறுதி வரை படியுங்கள். கையெழுத்திட்டாரா, எழுதத் தெரியாமல் பெருக்கல் குறி போட்டாரா என்பதுகூட ஒரே பெயருள்ள இருவரைப் பிரித்துக் காட்டும்.

விதவையின் கோப்பு இன்னும் வளமானது. 1836ஆம் ஆண்டுச் சட்டம் கணவரின் படைப்பணி முடியுமுன் மணந்தவர்களுக்கு மட்டுமே பொருந்தியது. 1838இல் அந்த எல்லை 1794 தொடக்கம் வரை நீண்டது. 1853இல் மணநாள் எல்லையே நீக்கப்பட்டது. எனவே திருமணத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு விதவையின் தலையில் விழுந்தது, பதிவேடு இல்லாத பெண்கள் குடும்ப விவிலியத்தில் பிறப்பும் திருமணமும் எழுதப்பட்டிருந்த பக்கத்தையே கிழித்து அனுப்பினார்கள். அந்தப் பக்கங்கள் இன்றும் கோப்புகளுக்குள் இருக்கின்றன. முதுமையில் மணந்த சிப்பாய்களின் இளைய மனைவியர் நெடுங்காலம் வாழ்ந்ததால், இந்த ஓய்வூதியத்தைப் பெற்ற கடைசி விதவையான எஸ்தர் டேமன் 1906இல்தான் இறந்தார். ஆகவே சிப்பாய் இறந்த ஆண்டோடு தேடலை நிறுத்திவிடக் கூடாது. கோப்போடு சேராமல் தனியாக வைக்கப்பட்டுள்ள இறுதிக் கொடுப்பனவுச் சீட்டுகளையும் பாருங்கள்: இறந்த நாளையும், மீதித் தொகையைப் பெற்ற வாரிசுகளின் பெயர்களையும் அவை தரக்கூடும்.

அடுத்தது நிலம். 1776இல் அமெரிக்கக் குடியேற்றங்களின் பொது மன்றமான கான்டினென்டல் காங்கிரஸ் சாதாரணச் சிப்பாய்க்கு 100 ஏக்கரும் கர்னலுக்கு 500 ஏக்கரும் தருவதாக வாக்களித்தது. மாநிலங்கள் தனித்தனியாகவும் வழங்கின. வர்ஜீனியா கென்டக்கியில் கிரீன் ஆற்றுக்குத் தெற்கிலும், ஒஹாயோவில் சயோட்டோ, லிட்டில் மயாமி ஆறுகளுக்கு இடையிலும் தன் வீரர்களுக்கு நிலம் ஒதுக்கியது. வட கரோலைனா டென்னசியிலும், நியூயார்க் தன் மாநிலத்தின் நடுப்பகுதியிலும் ஒதுக்கின. இப்படி நிலம் பெறும் உரிமையைத் தரும் மானியச் சீட்டு கிடைத்தது என்பதாலேயே அவர் அங்கே குடியேறினார் என்று கொள்வது பெரும்பிழை. கையில் காசில்லாத சிப்பாய்கள் அந்தச் சீட்டைக் குறைந்த விலைக்கு நில வணிகரிடம் விற்றுவிட்டுப் பிறந்த ஊரிலேயே தங்கியதும் உண்டு. சீட்டு, நிலப் பதிவு, அளவை, பட்டா என்ற நான்கு படிகளையும் தனித்தனியே தேடி, எந்தப் படியில் பெயர் மாறுகிறது என்று பாருங்கள். பட்டா அவர் பெயரில் வந்து, அதே நிலத்துக்கு அவர் வரி கட்டியதும் தெரிந்தால்தான் அவர் அங்கே வாழ்ந்தார் என்று சொல்ல முடியும்.

கென்டக்கியில் சிலர் போர்ப்பணிக்காக அல்லாமல் முன்கூட்டியே குடியேறியதற்காக நிலம் பெற்றார்கள். 1778க்கு முன் அங்கே குடியமர்ந்து சோளம் விளைவித்தவருக்கு 400 ஏக்கரும், அதையொட்டி 1,000 ஏக்கர் வாங்க முன்னுரிமையும் தர 1779ஆம் ஆண்டு வர்ஜீனியச் சட்டம் வகைசெய்தது. அளவைகள் மரத்தையும் ஓடையையும் எல்லையாகக் கொண்டிருந்ததால் ஒரே நிலத்துக்குப் பலர் உரிமை கோரினர். வழக்குகள் பல ஆண்டுகள் நடந்தன. குடியேறிய முதியவர்கள் அவற்றில் சாட்சி சொல்லி, எந்த ஆண்டில் எந்த ஊற்றருகே யாரோடு முகாமிட்டோம் என்று விவரித்திருக்கிறார்கள். உங்கள் ஆள் வழக்காடியவராக இல்லாவிட்டாலும் சாட்சியாக இருக்கலாம் என்பதால் அந்த வழக்குக் கட்டுகளையும் புரட்டுங்கள்.

கென்டக்கி, டென்னசி ஆகியவற்றின் 1790, 1800 கணக்கெடுப்புத் தாள்கள் எஞ்சவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவது ஆண்டுதோறும் எழுதப்பட்ட வரிப்பட்டியல். கென்டக்கிப் பட்டியலில் ஏக்கர் அளவும், நிலத்தை ஒட்டிய ஓடையின் பெயரும், நிலம் முதலில் யார் பெயரில் பதிவாகி அளக்கப்பட்டது என்பதும் காணப்படும். ஆண்டு ஆண்டாக ஒரே பெயரைப் பின்தொடர்ந்தால், மகன் வயதுக்கு வந்த ஆண்டும், தந்தையின் பெயருக்குப் பதிலாக விதவையின் பெயர் தோன்றும் ஆண்டும் தெரியவரும். கவுண்டி எல்லைகள் ஓயாமல் மாறியதையும் மறக்க வேண்டாம்: 1776இல் ஒரே கவுண்டியாக இருந்த கென்டக்கி 1780இல் மூன்றாகப் பிரிந்து, 1792இல் தனி மாநிலமானது. வீட்டை விட்டு நகராமலேயே ஒரு குடும்பம் பல கவுண்டிகளில் பதிவாகியிருக்கும். எழுதுமுன் ஒவ்வோர் ஆண்டுக்கும் உரிய எல்லை வரைபடத்தை அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

நேரடிச் சான்று கிடைக்காதபோது சுற்றத்தாரைத் தேடுங்கள். எல்லைப்புறத்துக்குப் பெரும்பாலோர் தனியாகச் செல்லவில்லை. பங்காளிகளும் சம்பந்திகளும் பழைய அண்டை வீட்டாரும் ஒரே வழியில் சென்று ஒரே ஓடைக்கரையில் குடியமர்ந்தார்கள். கிரயப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்திட்டவர், திருமணத்துக்குத் தடை ஏதுமில்லை என உறுதியளிக்கும் திருமணப் பிணைமுறியில் பிணை நின்றவர், சொத்தை மதிப்பிட நியமிக்கப்பட்டவர் ஆகியோரின் பெயர்களைப் பட்டியலிட்டு, அதே பெயர்கள் கிழக்கே எந்தக் கவுண்டியில் கூட்டாகக் காணப்படுகின்றன என்று தேடினால், குடும்பம் புறப்பட்ட இடம் புலப்படும். மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரும் இவ்வழியிலேயே வெளிப்படும். புரட்சிப் போருக்கு உதவியவர்களின் பெண் வழித்தோன்றல்களுக்காக 1890இல் நிறுவப்பட்ட அமெரிக்கப் புரட்சியின் மகள்கள் சங்கத்தின் வம்சாவளி விண்ணப்பங்களும் பயன்படும். ஆனால் பழைய விண்ணப்பங்கள் இன்றைய அளவுக்குச் சான்று கேட்டு ஏற்கப்பட்டவை அல்ல, அவற்றைத் துப்பாகக் கொண்டு ஒவ்வொரு தலைமுறை இணைப்பையும் நீங்களே மெய்ப்பித்துக்கொள்ள வேண்டும். பட்டியல்களில் ஒரே பெயருக்குப் பின் மூத்தவர், இளையவர் என்றிருந்தால் தந்தையும் மகனும் என்று முடிவுகட்ட வேண்டாம். உறவே இல்லாத இருவரை வயதைக் கொண்டு பிரிக்கவும் எழுத்தர்கள் அவ்வாறு எழுதினார்கள்.

அந்த நிலம் யாரிடமிருந்து வந்தது என்பதும் குடும்ப வரலாற்றின் பகுதியே. ஒஹாயோவின் பெரும்பகுதி, ஷானி முதலிய பூர்வகுடிகள் 1794இல் ஃபாலன் டிம்பர்ஸ் போரில் அமெரிக்கப் படையிடம் தோற்ற பிறகு, 1795ஆம் ஆண்டு கிரீன்வில் உடன்படிக்கையில் அவர்களிடமிருந்து பெறப்பட்டது. பட்டாவின் ஆண்டை அந்த உடன்படிக்கையின் ஆண்டோடு சேர்த்தே எழுதுங்கள். படையில் பணியாற்றிய கறுப்பினத்தவரும் விண்ணப்பித்தார்கள். ரோட் தீவில் தன்னை அடிமையாக வைத்திருந்தவரிடமிருந்து தப்பிவந்து படையில் சேர்ந்த ஜீஹு கிராண்டின் விண்ணப்பம், பணியாற்றிய காலத்தில் அவர் சட்டப்படி அடிமையாகவே இருந்தார் என்ற காரணத்துக்காகத் தள்ளப்பட்டது. தெற்கிலிருந்து வந்த குடியேறியின் உயிலிலும் சொத்துப் பட்டியலிலும் வரிப்பட்டியலிலும் அடிமைப்படுத்தப்பட்ட மனிதர்கள் பெயராகவோ எண்ணிக்கையாகவோ பதிவாகியிருக்கலாம். பெயர் இருந்தால், அதையும் வயதையும் யாருக்கு ஒப்படைக்கப்பட்டார் என்பதையும் தாளில் உள்ளபடியே படியெடுத்து வரலாற்றில் சேருங்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கு முன்னால் தம் முன்னோரைப் பெயரோடு காணக்கூடிய இடம், பலமுறை, நீங்கள் கையில் வைத்திருக்கும் அந்த உயில் மட்டுமே.