பித்தப்பை கட்டி அபூர்வ வகையான்னு எப்படி கண்டுபிடிக்கறது? நீலகிரி மக்களுக்கு படிப்படியா

பித்தப்பை கேன்சர்ல பெரும்பாலும் வர்றது அடினோகார்சினோமாதான், அதாவது சுரப்பி செல்கள்ல வர்ற கேன்சர். ஹார்மோன் சுரக்கற செல் மாதிரியான செல்கள்ல வர்ற நியூரோஎண்டோகிரைன்னு இன்னொரு வகை இருக்கு, ரொம்ப அபூர்வம், ஸ்கேன்ல பார்த்து இது அதுதான்னு உறுதியா சொல்ல முடியாது. நிறைய பேருக்கு கல்லுன்னு ஆபரேஷன் பண்ணி எடுத்த பையை லேப்ல பார்க்கும்போதுதான் தெரியவே வருது, அதனால அந்த பையை தயவுசெஞ்சு யாரும் அலட்சியமா விட்டுடாதீங்க.

முதல்ல வயித்து அல்ட்ராசவுண்ட். ஆறுல இருந்து எட்டு மணி நேரம் வெறும் வயிறா இருக்கணும், கோத்தகிரில காலைல பஸ் ஏறும்போது குளிருக்கு ஒரு பால் டீ குடிச்சா கூட பித்தப்பை சுருங்கி சரியா தெரியாம போயிடும். சுகர் மாத்திரை போடறவங்க முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. ரிப்போர்ட்ல பாலிப் (உள்சுவர்ல மொட்டு மாதிரி வளர்ற சதை) 10 மில்லிமீட்டரோ அதுக்கு மேலயோ இருந்தா, இல்ல சுவர் ஒரு பக்கம் மட்டும் தடிச்சிருந்தா சர்ஜனை பார்த்தே ஆகணும்.

அடுத்து கான்ட்ராஸ்ட் சிடி, அதாவது மருந்து ஏத்தி எடுக்கற சிடி ஸ்கேன், ஈரலுக்கோ நெறிக்கட்டிக்கோ பரவியிருக்கான்னு பார்க்க. கேன்சர் இருக்கலாமான்னு பார்க்கற சிஏ 19-9 ரத்த டெஸ்ட் மஞ்சக்காமாலைலயும் ஏறும், அதை மட்டும் வெச்சு பயந்துடாதீங்க. ஆபரேஷன் பண்ணி எடுக்கற மாதிரி இருந்தா பொதுவா முன்னாடியே ஊசி போட்டு சதை எடுக்க மாட்டாங்க, பித்தநீர் கசிஞ்சு செல்கள் வயித்துக்குள்ள பரவ வாய்ப்பு இருக்கு.

இனிமே சொல்றதுதான் ரொம்ப முக்கியம். எடுத்த பையை அப்படியே மூடி டப்பால போட்டா ஃபார்மலின் (சதை கெடாம காக்கற திரவம்) உள்ள போகாது, பித்தநீர் உள்பக்க தோலை அரிச்சிடும், கட்டி இருக்கறதே அங்கதான். பையை கீறி திறந்து, அது தாராளமா முங்கற அளவுக்கு 10 சதவீத ஃபார்மலின் ஊத்தி அனுப்பணும், மலைல இருந்து கோயம்புத்தூர் லேபுக்கு போக நேரமாகும்ல, அதனால ஆபரேஷன் தியேட்டர்லயே இதை பண்ணிட்டாங்களான்னு கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல.

ரிப்போர்ட்ல சந்தேகம்னு வந்தா ஐஹெச்சி டெஸ்ட் பண்ணுவாங்க, அதாவது சதைல எந்த புரதம் இருக்குன்னு சாயம் ஏத்தி பார்க்கறது. சினாப்டோஃபிசின், குரோமோகிரானின்ங்கற புரதங்கள் பாசிட்டிவா இருந்தா நியூரோஎண்டோகிரைன் பக்கம் போகுது. கேஐ-67ங்கறது செல் எவ்வளவு வேகமா பெருகுதுன்னு காட்டும், நல்லா வேறுபட்ட (செல் கிட்டத்தட்ட இயல்பான செல் மாதிரியே தெரியற) கட்டில 3 சதவீதத்துக்கு கீழன்னா கிரேடு 1, 3ல இருந்து 20 வரைக்கும் கிரேடு 2, அதுக்கு மேல கிரேடு 3. செல் இயல்பான உருவமே இல்லாம ரொம்ப சிதைஞ்சு தெரிஞ்சா அது நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா, அதுக்கு வைத்தியமே வேற. வகையை பொறுத்து நியூரோஎண்டோகிரைன் செல்களை தேடி காட்டற டோட்டாடேட் பெட் ஸ்கேனோ சாதா பெட் ஸ்கேனோ எழுதுவாங்க.

இந்த மாதிரி கட்டிக்கு இன்னொரு பெரிய சென்டர்ல கட்டாயம் செகண்ட் ஒபினியன் வாங்குங்கன்னுதான் நான் சொல்வேன். போகும்போது ரிப்போர்ட் பேப்பர் மட்டும் பத்தாது, சதையை வெட்டி வெச்ச கண்ணாடி ஸ்லைடும் சதையை பதிச்சு வெச்ச மெழுகு பிளாக்கும் லேப்ல எழுதி கொடுத்து வாங்கிக்கோங்க. மேட்டுப்பாளையம் தாண்டினா வெயில் கொளுத்தும், பிளாக்கை கார் டேஷ்போர்டுல வைக்காம கைப்பையிலயே வெச்சுக்கோங்க.