இதெக்கேல் எங்கே ஓடுகிறது? வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைபிளின் முதல் நூலான ஆதியாகமம் 2:14-ல் ஏதேன் தோட்டத்தின் மூன்றாம் ஆறு இதெக்கேல், நான்காம் ஆறு ஐபிராத்து. வரைபடத்தில் தேடினால் இரண்டு பெயருமே கிடைக்காது. உடனே, "நோவா காலத்து வெள்ளத்தில் அழிந்துபோன ஆறுகள்" என்று முடிவுகட்டிவிடுகிறோம். இரண்டும் இன்றைக்கும் ஓடுகின்றன. வரைபடத்தில் இருப்பவை கிரேக்கர் வழியாக வந்த பெயர்கள்: டைகிரிஸ், யூப்ரடீஸ்.

சுமேரியர் இதெக்கேலை இதிக்னா என்றார்கள். அக்காடிய மொழியில் இதிக்லத், எபிரேயத்தில் ஹித்தெக்கேல், பழைய பாரசீகத்தில் திக்ரா, அதிலிருந்து கிரேக்கத்தில் டைகிரிஸ். பாக்தாத் மக்களுக்கு இது திஜ்லா. வரிசையாக வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஒரே பெயர்தான் உருண்டு வந்திருப்பது காதுக்கே தெரியும்.

டைகிரிஸ் என்ற பெயரைக் கேட்டதும் டைகரை, அதாவது புலியை நினைப்பவர்கள் உண்டு. கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ, பழைய ஈரானிய இனத்தாரான மேதியரின் மொழியில் டைகிரிஸ் என்ற சொல்லுக்கு அம்பு என்று பொருள், ஆற்றின் வேகத்தால் வந்த பெயர் என்று எழுதினார். அழகான விளக்கம். ஆனால் சுமேரியப் பெயர் அதைவிட மிகப் பழையது. வேரை அங்கேதான் தேட வேண்டும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது, இதெக்கேல் "அசீரியாவுக்குக் கிழக்கே ஓடும்" என்று அதே வசனத்தில் வரும் வரி. அசீரியாவின் பிற்காலத் தலைநகரான நினிவே ஆற்றின் கிழக்குக் கரையில், இன்றைய மோசுல் நகருக்குள் இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் ஆறு மேற்கே அல்லவா ஓடுகிறது! அவசரப்பட்டு வசனம் தவறு என்று சொல்ல வேண்டாம். எபிரேயத்தில் இருக்கும் சொல் அசூர். அது நாட்டுக்கும் பெயர், அதன் பழைய தலைநகருக்கும் பெயர். அந்த நகரம் மேற்குக் கரையில் இருந்தது. அதற்கு ஆறு கிழக்கேதான். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்து, "அசீரியருக்கு எதிரே" என்று எழுதிவிட்டது.

அப்புறம், பாபிலோனில் வாழ்ந்த தீர்க்கதரிசி தானியேல். அவர் தரிசனம் கண்டது "இதெக்கேல் என்னும் பெரிய ஆற்றங்கரையில்" (தானியேல் 10:4). பாபிலோன் நகரம் இருந்ததோ ஐபிராத்துக் கரையில். ஆகவே இந்தக் காட்சியைப் பாபிலோன் நகருக்குள் வைத்துப் படம் வரைவது சரியல்ல.

கீகோனிலும் கவனம் தேவை. ஏதேனின் இரண்டாம் ஆறு வேறு, சாலொமோனை அபிஷேகம் செய்த எருசலேம் கீகோன் வேறு. பின்னது ஒரு நீரூற்று.