முதன்முதலாகப் பல் டாக்டரிடம்: குழந்தையைத் தயார்செய்வது எப்படி?

முதல் பல் முளைத்த ஆறு மாதத்துக்குள், எப்படியும் முதல் பிறந்தநாளுக்குள், குழந்தையை ஒருமுறை பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். "பால்பல் தானே, விழுந்து முளைக்கும்" என்று தள்ளிப்போட வேண்டாம். கடைசிப் பால்பல் விழ 12 வயதுகூட ஆகும். பின்னால் வரும் பல்லுக்கு அதுவரை இடம் பிடித்து வைப்பதே பால்பல்தான்.

முதலில் நேரம். குழந்தை தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும் காலை வேளையில் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். கிளம்பும்போது வயிறு முட்ட ஊட்டாதீர்கள், வாயில் விரல் பட்டதும் குமட்டும்.

ஒரு வாரம் முன்பே வீட்டில் பழக்கத் தொடங்குங்கள். குழந்தையின் தலையை மடியில் வைத்து, மேலுதட்டை விரலால் மெல்லத் தூக்குங்கள். ஈறை ஒட்டி, சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைக் கோடு தெரிகிறதா? சொத்தை ஆரம்பிப்பதன் அடையாளமாக இருக்கலாம். பால் பாட்டிலோடு தூங்கும் பிள்ளைகளுக்கு மேல் முன்பற்களில்தான் பெரும்பாலும் முதலில் வரும். பார்த்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். குழி விழும் முன் வந்தால் ஃப்ளோரைடு பூசியே பல நேரம் நிறுத்திவிடலாம்.

கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால், வார்த்தையில்தான் கவனம் வேண்டும். "வலிக்கவே வலிக்காதுடா" என்று என் மகளிடம் மூன்று முறை சொன்னேன். வாசல் வரை வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் காதில் விழுந்தது 'வலி' மட்டும்தான். "டாக்டர் உன் பல்லை எண்ணிப் பார்ப்பார்" என்றால் போதும். சாப்பிட அடம்பிடிக்கும்போது "ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டுவதை வீட்டில் எல்லோரும் அடியோடு நிறுத்த வேண்டும், தாத்தா பாட்டி உட்பட.

சரி, அந்த நாள் வந்தாயிற்று. கைக்குழந்தை என்றால் டாக்டரும் நீங்களும் முழங்கால் முட்ட எதிரெதிரே உட்காருவீர்கள். குழந்தை உங்களைப் பார்த்தபடி படுத்திருக்கும், தலை டாக்டர் மடியில். கைகளை நீங்கள் பிடித்துக்கொள்ளலாம். அழும், அழட்டும். வாய் திறந்திருப்பதால் சட்டென்று பார்த்து முடித்துவிடுவார்கள். அதற்காகச் சங்கடப்பட வேண்டாம்.

அப்புறம், குழந்தை ஏதாவது மருந்து சாப்பிட்டால் அந்தச் சீட்டையும் கொண்டுபோங்கள். எவ்வளவு பேஸ்ட் வைப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள்: 3 வயதுக்குள் அரிசி மணி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு என்பதே பொதுவான கணக்கு. கிளம்பும் முன் அடுத்த தேதியையும் வாங்கிவிடுங்கள்.