ரெஸ்ட் என்று பெயர் வைத்தால் போதுமா? ராய் ஃபீல்டிங்கின் வேலையிலிருந்து சில எச்சரிக்கைகள்

வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணலில் "ரெஸ்ட் ஏபிஐ எழுதத் தெரியுமா?" என்று கேட்டால், தெரியாது என்பவர்கள் மிகக் குறைவு. (ஏபிஐ என்பது ஒரு நிரல் இன்னொரு நிரலோடு பேசும் வாசல், ரெஸ்ட் அதை வடிவமைக்கும் ஒரு முறை.) "அதை வகுத்தவர் யார்?" என்று அடுத்துக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பெயர் தெரியாததால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. அவர் எந்தச் சிக்கலைத் தீர்க்கப் போய் அதை எழுதினார் என்று தெரியாததுதான் நஷ்டம். நம் ஏபிஐகளில் ஒரே மாதிரித் தவறுகள் திரும்பத் திரும்ப வருவதற்கு அதுவே காரணம்.

அவர் ராய் ஃபீல்டிங். பிரௌசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறைதான் எச்டிடிபி. அதன் 1.0 பதிப்பை விவரிக்கும் ஆர்எஃப்சி 1945 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளுக்கான ஆவண வரிசை) வெளியானது 1996 மே மாதம். அதில் டிம் பெர்னர்ஸ்-லீ, ஹென்ரிக் ஃப்ரிஸ்டிக் இருவரோடு இவர் பெயரும் இருக்கிறது. 1997இல் எச்டிடிபி 1.1, 1999இல் அதன் திருத்தம், 2014இல் முழு மறு எழுத்து, 2022இல் ஆர்எஃப்சி 9110 என்று எல்லாவற்றிலும் அவர் இருக்கிறார். ஒரே நெறிமுறையோடு 26 ஆண்டுகள்! நடுவில் அப்பாச்சி வெப் சர்வர், யூஆர்ஐ (வெப் முகவரி) தரநிலை, அப்புறம் டே சாஃப்ட்வேர் நிறுவனம், அதை வாங்கிய அடோபி. ரெஸ்ட் என்ற பெயர் வந்தது, 2000இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில்.

இந்த வேலை முழுவதிலும் அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு நினைப்பு உண்டு. இணையத்தில் இரண்டு முனையும் ஒருவர் கையில் இருப்பதில்லை. கிளையன்டை ஒருவர் எழுதுவார், சர்வரை வேறொருவர், நடுவில் நிற்கும் கேஷையும் (பதில்களைச் சேமித்து வைக்கும் இடம்) ப்ராக்ஸியையும் (கோரிக்கையை இடையில் வாங்கிக் கடத்தும் சர்வர்) நாம் பார்த்தே இராத யாரோ. எல்லோரையும் ஒரே நாளில் அப்டேட் செய்யச் சொல்ல வழியே கிடையாது. கீழே வரும் தவறுகள் எல்லாமே இதை மறப்பதில் தொடங்குகின்றன.

படம் வரைந்துவிட்டு ஒதுங்குவது

ஆய்வேட்டில் ரெஸ்ட்டை எழுதினார், அதைப் பார்த்து வெப் கட்டப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது வேறு. 1994இல் ஜெனீவாவில் நடந்த முதல் உலகளாவிய வெப் மாநாட்டில் ஃபீல்டிங் கொண்டுவந்தது ஒரு சாதாரணக் கருவி, பெயர் மாம்ஸ்பைடர். தளங்களில் செத்துப்போன லிங்க்குகளைத் தேடிச் சொல்லும் நிரல் அது. அடுத்தவர் சர்வர்களை ஆயிரக்கணக்கில் தட்டிப் பார்க்கும் நிரலை எழுதுகிறவருக்கு, தேவையில்லாமல் முழுப் பக்கத்தையும் இழுக்காமல் இருப்பது எப்படி, மாறாத பக்கத்தை மறுபடி கேட்காமல் இருப்பது எப்படி என்ற கேள்விகள் தாமாகவே வரும். பிறகு தரநிலைக் குழுவில் எச்டிடிபியில் எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்று வாதாட வேண்டி வந்தபோது, தன் தரப்பை விளக்க அவர் மனதில் வைத்திருந்த மாதிரிதான் ரெஸ்ட்டாக வளர்ந்தது. ஆய்வேடாக அது வருவதற்குள் எச்டிடிபி 1.1 உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

அப்பாச்சியும் அப்படித்தான். அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ மையத்தில் வெப் சர்வரை எழுதிய ராப் மெக்கூல் 1994இல் அங்கிருந்து கிளம்பிவிட, அந்த நிரலை நம்பியிருந்த வெப்மாஸ்டர்கள் தங்கள் திருத்தங்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். 1995 பிப்ரவரியில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு குழு ஆனார்கள், ஃபீல்டிங் அதில் ஒருவர். மடலில் ஓட்டுப் போட்டு முடிவெடுத்தார்கள். 1996 ஏப்ரலுக்குள், வெப் சர்வர்களைக் கணக்கெடுக்கும் நெட்கிராஃப்ட்டின் பட்டியலில் அப்பாச்சிதான் முதலிடம். 1999இல் அறக்கட்டளை தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் ஃபீல்டிங்தான். 'ஆர்க்கிடெக்ட்' பதவி கிடைத்ததும் கோடு எழுதுவதை விட்டுவிட்டு ஸ்லைடு மட்டும் போடுகிறவர்கள் இந்தப் பகுதியை இன்னொரு முறை படிக்கலாம்.

'கெட்' கோரிக்கையில் வேலை செய்வது

எச்டிடிபியில் கெட் என்பது படிப்பதற்கு மட்டும். எதையும் அழிக்கவோ மாற்றவோ அதைப் பயன்படுத்தக் கூடாது. இது 1996இன் ஆர்எஃப்சி 1945லேயே 'பாதுகாப்பான மெத்தட்கள்' என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

2005இல் கூகுள் 'வெப் ஆக்சிலரேட்டர்' என்று ஒரு மென்பொருளை வெளியிட்டது. பயனர் பார்க்கும் பக்கத்தில் உள்ள லிங்க்குகளை அவர் அழுத்தும் முன்பே எடுத்து வைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டுவது அதன் வேலை. அப்போது பல வெப் செயலிகளில் 'அழி' என்பதும் ஒரு சாதாரண லிங்க்தான். ஆக்சிலரேட்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது, பயனர்களின் தரவு ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. "நிச்சயமாக அழிக்கவா?" என்று கேட்கும் ஜாவாஸ்கிரிப்ட் பெட்டி அங்கே உதவவில்லை, ஏனென்றால் முன்கூட்டியே லிங்க்கை எடுக்கும் நிரல் அந்தப் பெட்டியைத் தொடுவதே இல்லை. கூகுளைத் திட்டினவர்கள் நிறைய. என் கணக்கில், விதியை மீறியவர்கள் அந்தச் செயலிகளை எழுதியவர்கள்.

பழைய கதை என்று விட்டுவிட முடியாது. அலுவலக மடல்களில் 'விடுப்பை அனுமதிக்க இங்கே அழுத்தவும்' என்று லிங்க் அனுப்புகிறோம். மேலாளர் மடலைத் திறக்கும் முன்பே, வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேனர் அந்த லிங்க்கைத் திறந்துவிடும். விடுப்பு கிடைத்துவிடும்! மடல் பட்டியலிலிருந்து ஒரே அழுத்தில் விலகும் வசதிக்கு 2017இல் ஆர்எஃப்சி 8058 வந்தபோது, அந்தக் கோரிக்கை போஸ்ட்டாகத்தான் (மாற்றம் செய்யப் பயன்படும் கோரிக்கை வகை) போக வேண்டும் என்று எழுதியதற்கும் இந்த ஸ்கேனர்கள்தான் காரணம்.

எல்லாவற்றுக்கும் 200

பிழை வந்தாலும் 200 ('எல்லாம் சரி') என்ற குறியை அனுப்பிவிட்டு, உள்ளே பதிலின் ஜேசன் தரவில் 'தோல்வி' என்று எழுதி வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. உங்கள் செயலிக்கு அது புரியும். நடுவில் இருக்கும் யாருக்கும் புரியாது. கண்காணிப்புக் கருவி எல்லாம் பச்சையாகக் காட்டும், கேஷ் அந்தப் பிழைப் பதிலையே பத்திரமாகச் சேமித்து அடுத்தவருக்கும் கொடுத்தாலும் கொடுக்கும். கோரிக்கைகள் அளவுக்கு மீறி வந்தால் 429 அனுப்புங்கள். 2012இல் மார்க் நாட்டிங்ஹாமும் ஃபீல்டிங்கும் எழுதிய ஆர்எஃப்சி 6585இல் வந்தது அது.

சர்வருக்குத்தான் தெரியுமே என்று விடுவது

எச்டிடிபி 1.0இல் பிரௌசர் "இந்தப் பக்கத்தைக் கொடு" என்று மட்டும் கேட்கும். எந்தத் தளத்தின் பக்கம் என்று சொல்லாது. எந்த முகவரிக்கு வந்திருக்கிறோமோ அந்தத் தளம்தானே என்பது அனுமானம். விளைவு, ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஐபி முகவரி தேவைப்பட்டது. 1.1இல் தளத்தின் பெயரைச் சொல்லும் 'ஹோஸ்ட்' தலைப்பைக் (தலைப்பு என்பது கோரிக்கையின் முன்னால் வரும் ஒரு குறிப்பு வரி) கட்டாயமாக்கினார்கள், அது இல்லாமல் வந்தால் 400 கொடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். இன்று ஒரே முகவரியில் நூற்றுக்கணக்கான தளங்கள் ஓடுவது அந்த ஒரு வரியால்தான்.

அதே அனுமானத்தை நாம் செஷனில் (ஒரு பயனரோடு நடக்கும் தொடர் உரையாடல்) செய்கிறோம். லாகின் ஆனவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார், படிவத்தில் எத்தனையாவது படி என்பதையெல்லாம் சர்வரின் நினைவகத்தில் வைக்கிறோம். சர்வர் ஒன்று இருக்கும்வரை சிக்கல் இல்லை. இரண்டாகி, முன்னால் கோரிக்கைகளைப் பங்கிட்டு அனுப்பும் லோட் பேலன்சர் வந்ததும், இந்தப் பயனரை எப்போதும் இந்தச் சர்வருக்கே அனுப்பு என்று முடிச்சுப் போட வேண்டியிருக்கிறது. புதுப் பதிப்பு ஏற்றும்போது பாதிப் பேர் வெளியே தள்ளப்படுகிறார்கள். ஒவ்வொரு கோரிக்கையும் தன்னைப் புரிந்துகொள்ளத் தேவையான எல்லாவற்றையும் தன்னோடே கொண்டுவர வேண்டும் என்று ரெஸ்ட் சொல்வது இதற்காகத்தான்.

இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு எதிர்ப்பக்கம் விழுபவர்களும் உண்டு. சர்வர் எதையுமே சேமிக்கக் கூடாது என்று நினைத்து, பயனரின் மொத்த வரலாற்றையும் ஒவ்வொரு கோரிக்கையோடும் போகும் அடையாளச் சீட்டான டோக்கனுக்குள் அடைக்கிறார்கள். சேமிக்கக் கூடாதது உரையாடலின் நிலையை மட்டும்தான். ஷாப்பிங் கூடை ஒரு தரவு, அதற்குத் தனி முகவரி கொடுத்து டேட்டாபேஸில் வைக்கலாம். குக்கிகளை (தளம் பிரௌசரில் வைக்கும் சிறு குறிப்புகள்) பற்றி ஃபீல்டிங் ஆய்வேட்டில் குறைபட்டுக்கொண்டதும் இதைத்தான்: பயனர் 'பேக்' அழுத்தினால் பக்கம் பின்னால் போகும், குக்கி போகாது. திரையில் ஒன்று, சர்வரின் மனதில் இன்னொன்று.

கடைசியாக எழுதியவர் ஜெயிப்பது

எச்டிடிபி இலவசமாகக் கொடுத்தும் பெரும்பாலோர் தொடாத வசதி ஒன்று உண்டு. ஒரு ஜவுளிக் கடையின் இருப்பு நிரலை எடுத்துக்கொள்வோம். ஒரு ரகத்தில் 40 புடவைகள். முதல் கவுன்டர் இருப்பைப் படிக்கிறது, 40. அதே நேரம் இரண்டாம் கவுன்டரும் படிக்கிறது, 40. முதலாவது மூன்று விற்று, 37 என்று புட் (பழைய மதிப்புக்குப் பதில் புதியதை எழுதும் கோரிக்கை) அனுப்புகிறது. இரண்டாவது ஐந்து விற்று, 35 என்று புட் அனுப்புகிறது. இரண்டுக்கும் வெற்றி என்றே பதில் வருகிறது. கணக்கில் 35 இருக்கிறது, அலமாரியில் 32. மூன்று புடவையை யார் எடுத்தது என்று கடைப் பையன் மேல் சந்தேகம் வரும்.

தீர்வு நெறிமுறையிலேயே இருக்கிறது. சர்வர் 40 என்ற பதிலோடு 'ஈடேக்' என்ற அடையாளத்தையும் அனுப்பும், தரவு மாறினால் அதுவும் மாறும். கவுன்டர் எழுதும்போது 'இஃப்-மேட்ச்' தலைப்பில் அந்த அடையாளத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும், அதாவது "நான் பார்த்தபோது இருந்தபடியே இப்போதும் இருந்தால் மட்டும் மாற்று". முதல் கவுன்டர் எழுதியதும் அடையாளம் மாறிவிடுகிறது. இரண்டாம் கவுன்டருக்கு 412 ('நிபந்தனை பொருந்தவில்லை') வருகிறது, மறுபடி படிக்கிறது, 37. ஐந்தைக் கழித்து 32 என்று எழுதுகிறது. எந்தப் பூட்டும் போடவில்லை, யாரும் காத்திருக்கவில்லை. அடையாளம் இல்லாமல் எழுத வருபவரை நிறுத்தவும் 428 என்று ஒரு குறி இருக்கிறது. 429 வந்த அதே ஆவணத்தில் வந்ததுதான் அதுவும்.

இதைச் செய்யாமல் 'கடைசியாக மாற்றிய நேரம்' என்று டேபிளில் ஒரு பத்தி சேர்த்து, தனியாக ஒரு ஒப்பீடு எழுதி, அதிலும் நொடிக் கணக்கில் கோட்டை விடும் நிரல்களைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது.

லிங்க் இல்லாத ரெஸ்ட், 'வி1' போட்ட முகவரி

2008 அக்டோபரில் ஃபீல்டிங் வெளிப்படையாகவே கடுப்பானார். எச்டிடிபி மேல் ஓடும் எந்த இடைமுகத்தையும் ரெஸ்ட் என்று அழைக்கிறார்களே என்பது அவர் புலம்பல். அவர் கேட்டது ஒன்றுதான். கிளையன்டுக்கு ஒரு தொடக்க முகவரி தெரிந்தால் போதும், அடுத்து எங்கே போகலாம், என்ன செய்யலாம் என்பதைச் சர்வரின் பதிலில் வரும் லிங்க்குகளே சொல்ல வேண்டும். ரெஸ்ட் என்பது பல பத்தாண்டு அளவில் யோசித்துச் செய்யும் வடிவமைப்பு என்றும் அப்போது விளக்கினார்.

நேர்மையாகச் சொன்னால், ஒரே நிறுவனத்துக்குள் ஒரே குழு எழுதும் இரண்டு செயலிகளுக்கு இது முழுவதும் தேவையில்லை. ஜிஆர்பிசி (ஒரு நிரல் இன்னொன்றின் செயல்களை நேரடியாக அழைக்கும் வேறொரு முறை) போதுமென்றால் அதையே போடுங்கள், ரெஸ்ட் என்று மட்டும் அழைக்காதீர்கள். ஆனால் பாதியளவு செய்தாலே பலன் உண்டு. 'அனுப்பிய பிறகு ஆர்டரை ரத்து செய்ய முடியாது' என்ற விதியை ஆண்ட்ராய்டு, ஐபோன், வெப் மூன்றிலும் தனித்தனியாக எழுதி வைத்திருப்போம். அதற்குப் பதில், ரத்து செய்ய முடியும் என்றால் மட்டும் சர்வர் ரத்து லிங்க்கை அனுப்பட்டும். லிங்க் வந்தால் செயலி பட்டனைக் காட்டட்டும், வராவிட்டால் மறைக்கட்டும். நாளைக்கு விதி மாறினால் சர்வரை மாற்றினால் போதும். அப்டேட்டே செய்யாத பழைய போன்களிலும் புது விதி ஓடும்.

முகவரியில் 'வி1', 'வி2' என்று பதிப்பு எண் போடுவது பற்றி 2013இல் ஒரு மாநாட்டில் ஃபீல்டிங் சொன்ன அறிவுரையின் சாரம்: போடாதீர்கள். இது பலருக்குக் கோபம் மூட்டியது. வி2 வந்ததும் வி1ஐ மூட முடியாமல் இரண்டையும் ஆண்டுக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஏன் என்று புரியும். பதிலில் புதுப் புலம் (ஒரு புது விவரம்) சேர்ப்பதற்குப் பதிப்பு எண் தேவையில்லை. தெரியாத புலத்தைக் கண்டால் தாண்டிப் போகும்படி கிளையன்டை எழுதியிருந்தால் போதும்.

தரநிலை எழுதினால் உலகம் கேட்கும் என்று நம்புவது

இந்தக் கடைசித் தவறு ஃபீல்டிங்கையே சீண்டிப் பார்த்தது. 'டூ நாட் ட்ராக்' என்று ஒரு தலைப்பு. என்னைப் பின்தொடராதே என்று பிரௌசர் தளங்களுக்குச் சொல்லும். அதன் ஆவணத்தைத் தொகுத்தவர்களில் அவரும் ஒருவர். பயனர் தானே தேர்ந்தெடுத்தால்தான் அந்தச் சமிக்ஞைக்கு அர்த்தம் என்பது அடிப்படை. 2012இல் மைக்ரோசாஃப்ட், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10இல் அது முதலிலிருந்தே இயங்கும்படி வைக்கப்போவதாக அறிவித்தது. ஃபீல்டிங் அப்பாச்சியின் இயல்பு அமைப்புக் கோப்பில் சில வரிகள் சேர்த்தார்: அந்தப் பிரௌசரிலிருந்து வந்தால் தலைப்பை நீக்கிவிடு. திறந்த தரநிலைகளை வேண்டுமென்றே மீறுவதை அப்பாச்சி பொறுக்காது என்பது அவர் தந்த விளக்கம். பெரிய சண்டை ஆனது. அந்த வரிகள் நிலைக்கவில்லை.

கொள்கையில் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த நியாயத்தைக் காட்ட உலகத்தில் பாதிச் சர்வர்கள் அப்படியே நிறுவிக்கொள்ளும் கோப்பு சரியான இடமில்லை. அந்த பிரௌசரில் மனமறிந்து அதைத் தேர்ந்தெடுத்தவரின் விருப்பமும் சேர்ந்தே அழிந்தது. அந்தத் தலைப்புக்குக் கீழ்ப்படிய வேண்டியவர்கள் விளம்பர நிறுவனங்கள், மறுத்தால் அவர்களுக்கு எந்த இழப்பும் இல்லை. 2019 ஜனவரியில் அந்தக் குழுவே மூடப்பட்டது. எதிர்முனைக்கு ஆதாயமும் இல்லை, தண்டனையும் இல்லை என்றால், அது உங்கள் தலைப்பை ஏன் மதிக்கும் என்று எழுதும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆய்வேட்டைப் படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இர்வைன் வளாகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எல்லோரும் மேற்கோள் காட்டுவது ஐந்தாம் அத்தியாயத்தை, அது கொஞ்சம் வறட்சிதான். நேரம் குறைவென்றால் ஆறாவதிலிருந்து தொடங்குங்கள். எச்டிடிபியில் எது சரியாக வந்தது, எது பொருந்தாமல் போனது என்று, அதை எழுதியவரே குக்கி உட்பட ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வது அங்கேதான்.