தோட்டத்துச் சொந்தங்களைப் பார்க்க ஒரே ஒரு நாள்தான் என்றால்

தாத்தா பாட்டி பிறந்த தேயிலைத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும், அங்கே இன்னும் இருக்கிற சொந்தங்களை ஒரு தடவையாவது நேரில் கண்டு பேச வேண்டும் என்று கூடலூர், கோத்தகிரியிலிருந்தும், திருச்சி, சென்னையிலிருந்தும், லண்டன், டொரொன்டோவிலிருந்தும் இலங்கையின் மலையகத்துக்கு வருகிறார்கள். கண்டி, நுவரெலியா, எல்ல என்று சுற்றிவிட்டுக் கடைசியில் சொந்தங்களுக்கென்று மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு நாள். அந்த நாளை எப்படி வைத்துக்கொள்வது என்று, வருகிறவர்களை வரவேற்கிற வீட்டுப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு நாளைக்கு ஒரு தோட்டம், ஒரு வீட்டில் மதியச் சாப்பாடு. காலையில் பொகவந்தலாவையில் பெரியப்பா, மத்தியானம் லிந்துலையில் அத்தை, சாயங்காலம் இராகலையில் மாமா என்று திட்டம் போட்டால் நாள் முழுக்க வளைவுகளில் வேனுக்குள்தான் இருப்பீர்கள், மூன்று வீட்டிலும் சமைத்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

முகவரியிலிருந்து தொடங்குவோம். "தலவாக்கலைப் பக்கம்" என்று மட்டும் தெரிந்துகொண்டு வந்து இறங்காதீர்கள். அந்தப் பக்கத்தில் எத்தனையோ தோட்டங்கள், ஒவ்வொரு தோட்டத்துக்குள்ளும் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிப் பிரிவுகள். பெயர்ப்பலகையில் இருக்கிற ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் ஆட்கள் வாயில் புழங்குகிற தமிழ்ப் பெயர் இன்னொன்று. பாட்டி சொன்ன பெயரைக் கூகுள் மேப்பில் போட்டால் கிடைக்காமல் போகலாம், அதே பெயரை டவுனில் ஆட்டோ ஓட்டுகிற வயதானவரிடம் கேட்டால் வழி சொல்லிவிடுவார். தோட்டத்தின் இரண்டு பெயர்களும், டிவிஷனும், எந்த லயம், அதாவது எந்த வரிசை வீடுகள் என்பதும், குடும்பத்தில் மூத்தவரின் பெயரும், முடிந்தால் அவருடைய பட்டப்பெயரும் கையில் இருக்கட்டும். பட்டப்பெயரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம், ஒரே டிவிஷனில் நான்கு ராமசாமிகள் இருப்பார்கள், "கங்காணி வீட்டு ராமசாமி", "பூசாரி மகன் ராமசாமி" என்றால்தான் ஆள் பிடிபடும். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா போன குடும்பம் என்றால் வீட்டில் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள், அந்தக் காலத்துப் பாஸ்போர்ட், குடும்ப அட்டை, கடித உறைகள் எல்லாவற்றிலும் தோட்டத்தின் பெயரைத் தேடுங்கள்.

போன் நம்பர் கிடைத்ததும் பேசிவிடுங்கள், சொல்லாமல் போய் ஆச்சரியப்படுத்தலாம் என்ற எண்ணம் இங்கே சரிவராது. பேசும்போது அவர்கள் இன்னும் அந்த லயத்தில்தான் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். 7 பேர்ச் என்கிற சிறு காணியில் தனிவீடு கட்டிக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள், 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலின் மண்சரிவில் வீடு இழந்து இடம் மாறியவர்களும் இருக்கிறார்கள். அப்படி வீடு இழந்தவர்களைப் பார்க்கப் போவதென்றால் அதைத் தெரிந்துகொண்டு போவது வேறு, தெரியாமல் போய் வாசலில் நின்று கேட்பது வேறு.

எந்த நாள்? ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாட்களில் காலையிலேயே வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய், மாலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பொழுது சாயும்போதுதான் பெண்கள் வீடு திரும்புவார்கள். நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்தால் அத்தை வேலைக்குப் போகாமல் நின்றுவிடுவார், அதை உங்களிடம் சொல்லவும் மாட்டார், ஆனால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வருவதற்கு எத்தனை வருடம் போராட வேண்டியிருந்தது என்பது இங்கே பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும், அந்த ஒரு நாள் பேரை உங்கள் வருகைக்காக அவர்கள் விடும்படி வைக்காதீர்கள். கொழுந்து நிறைய வருகிற காலத்தில் ஞாயிறும் கைக்காசுக்குப் பறிக்கப் போவார்கள், அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பௌர்ணமியான போயா நாளும் விடுமுறைதான், ஆனால் அன்று இறைச்சிக் கடை மூடியிருக்கும், வீட்டில் கோழிக்கறி வைக்க நினைத்திருந்தால் முதல் நாளே வாங்கியிருக்க வேண்டும், உங்களுக்காக அந்த அலைச்சல். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வந்தால் கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் உட்பட எல்லோரையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம், அது பெரிய சந்தோஷம், ஆனால் உட்கார்ந்து பேச முடியாது. முதல் தடவை வருகிறவர்களுக்குத் திருவிழாவை நான் சொல்லமாட்டேன். டிசம்பர் போயாவிலிருந்து மே மாதம் வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம், அந்த மாதங்களின் சனி ஞாயிறுகளில் ஹட்டன் - மஸ்கெலியா ரோட்டில் நெரிசல் இருக்கும், அந்தப் பக்கம் போகிறவர்கள் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

கொழும்பிலிருந்து ஒரே நாளில் வந்து திரும்ப நினைக்காதீர்கள். பஸ்ஸில் ஹட்டன் வருவதற்கே நான்கு ஐந்து மணி நேரம் போய்விடும், கோச்சி, அதாவது ரயில், இன்னும் மெதுவாக வரும். முதல் நாள் இரவே ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை என்று தோட்டத்துக்குக் கிட்டின டவுனில் தங்கிவிடுங்கள். மலைப்பாதை ரயில் அழகுதான், ஆனால் மண்சரிவு வந்தால் பாதை மூடப்படும், டித்வா புயலிலும் பாதை பல இடங்களில் சிதைந்தது, அதனால் எதுவரை ஓடுகிறது என்று கேட்டுவிட்டுத்தான் நம்ப வேண்டும். டவுனிலிருந்து பஸ் இருக்கிறது: ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும், தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக அக்கரப்பத்தனை, டயகம பக்கம், நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக இராகலைக்கு, பண்டாரவளையிலிருந்து பூணாகலைக்கு. சந்தியில் இறங்கி மேலே ஏற ஆட்டோ பிடியுங்கள். பெரிய வேன் எடுத்து வருகிறவர்கள் அது லயம் வரை ஏறுமா என்று வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள், கல் ரோட்டில் பாதியில் நின்றுபோனால் மீதியை நடக்க வேண்டும். ஆட்டோ கூலியை ஏறும் முன் பேசி, திரும்பி அழைத்துப்போக வரும் நேரத்தையும் சொல்லி, அவருடைய நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதும் அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.

குடை, ஸ்வெட்டர், நனைந்தால் பரவாயில்லை என்கிற செருப்பு. ஹட்டன், வட்டவளைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை மழை பிடித்துக்கொள்ளும், பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு மழை ஒக்டோபரிலிருந்து. மழை நாளில் தேயிலைக்குள் நடந்தால் அட்டை ஏறும், காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு போங்கள்.

என்ன கொண்டுபோவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். பால்மா, சீனி, பிஸ்கட், பழம், பிள்ளைகளுக்குக் கொப்பி பென்சில், இதெல்லாம் டவுனிலேயே வாங்கலாம். பால்மா விலை ஏறிக் கிடக்கிற காலத்தில் இரண்டு பாக்கெட் பெரிய உதவி. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் பெரியவர்களுக்கு ஒரு சேலை, ஒரு வேட்டி, அப்புறம் சமயபுரமோ பழனியோ போய்வந்த விபூதி குங்குமம் கொண்டுவாருங்கள், அதை வாங்கி அம்மாயி சாமி படத்தடியில் வைக்கும்போது நீங்கள் கொண்டுவந்த மற்ற எதையும்விட அதுதான் பெரிதாக இருக்கும். பணம் கொடுப்பதானால் கவரில் போட்டு, புறப்படும் நேரத்தில், வீட்டில் மூத்த பெண்ணின் கையில் வையுங்கள். பக்கத்து வீட்டார் பார்க்க எடுத்து நீட்டாதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது பழைய போட்டோ. போனில் காட்டினால் போதாது, பிரிண்ட் போட்டு, அங்கேயே விட்டுவர ஒரு பிரதியும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.

பத்து மணிக்குள் வீட்டில் இருங்கள். முதலில் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்காரவைத்துத் தேத்தண்ணி தருவார்கள், தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் லயம் முழுக்க வாசலுக்கு வந்துவிடும், வருகிறவர்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு முறையில் உங்களுக்குச் சொந்தமாக இருப்பார்கள். யார் யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அருகில் இருக்கிற ஒரு பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள், முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் அதற்கு மேல் பேச்சு தானாக வரும். மற்ற வீடுகளிலும் வரச் சொல்வார்கள். போங்கள், சாப்பாடு ஒரு வீட்டில்தான் என்று முன்பே சொல்லிவிட்டு, மற்ற வீடுகளில் அரைக் கோப்பை பிளேன்டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்தால் யாருக்கும் மனக்குறை வராது. ஒன்றுமே வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். லயத்துக் காம்பரா, அதாவது அறை, பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும், அதற்குள்தான் ஒரு குடும்பமே வாழ்கிறது. அதைப் பார்த்து முகம் மாறுவதும், உள்ளே போனை நீட்டி வீடியோ எடுப்பதும் அவர்களைச் சுருங்க வைத்துவிடும். மனிதர்களோடு சேர்ந்து நின்று எத்தனை போட்டோ வேண்டுமானாலும் எடுங்கள், வீட்டை எடுக்கும் முன் கேளுங்கள், தண்ணீர் விழுகிற பீலியில் பெண்கள் குளிக்கிற, துவைக்கிற பக்கம் கேமராவே வேண்டாம்.

ரொட்டியும் கட்டச்சம்பலும் தரச்சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு அதைக் கொடுக்க யோசித்துக்கொண்டு சோறு, கோழி, முட்டை என்று செலவு செய்வார்கள், ஆனால் உங்கள் தாத்தா தின்று வளர்ந்தது அந்த ரொட்டிதான்.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் உண்மையான நேரம். மற்றவர்கள் கொஞ்சம் கலைந்து, பெரியவர்கள் வெற்றிலையை மடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் கிட்டப் போய் உட்காருங்கள். அந்த 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளி மக்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு என்றும் 3 லட்சம் பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது, மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் இரண்டு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டன. அந்த எண்ணிக்கைக்குள் அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக்கொடுக்க, தம்பி இலங்கைக்கு எழுதிக்கொடுத்த வீடுகள் இருக்கின்றன, உங்கள் வீடும் அப்படி ஒன்றாக இருக்கலாம். "ஏன் அன்றைக்கு நீங்கள் வரவில்லை" என்று கேட்டுவிடாதீர்கள், அது குற்றம் சாட்டுவதாகப் போய் விழும், இங்கே இருந்தவர்கள் குடியுரிமைக்காக எத்தனை வருடம் காத்திருந்தார்கள் என்பது தனிக் கதை. அதைவிட, போனவர்கள் அங்கே என்ன ஆனார்கள் என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள். யார் எந்த ஊரில் குடியேறினார், யார் இறந்தார், எந்த வருடம், யாருக்கு எத்தனை பிள்ளைகள். கடிதம் நின்றுபோன பிறகு அவர்களுக்குத் தெரியாமலே போன சாவுகள் இருக்கும், அழுவார்கள், அழட்டும், கூட இருங்கள். அதற்குப் பிறகு அவர்களாகவே சொல்லத் தொடங்குவார்கள். பெயர்களை மூன்று தலைமுறைக்கு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள், குலதெய்வம் எது, இந்தியாவில் எந்த ஜில்லா, எந்த ஊரிலிருந்து வந்தோம் என்பதையும் கேளுங்கள், பல வீடுகளில் அது எண்பது வயது அப்பாயி ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். குரலைப் பதிவு செய்யலாமா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள், பேரப்பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவையுங்கள், அவர்களும் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்பார்கள்.

தாத்தா பாட்டியைப் புதைத்த இடத்தைப் பார்க்க விரும்பினால் காலையிலேயே சொல்லிவிடுங்கள். மயானம் தேயிலைக்கு நடுவில் இருக்கும், பல இடங்களில் கல்லோ பெயரோ இருக்காது, இடம் தெரிந்த பெரியவர் கூட வர வேண்டும். சூடம், ஊதுபத்தி, பூ கொண்டுபோங்கள். திரும்பியதும் கைகால் கழுவிவிட்டு வீட்டுக்குள் நுழையுங்கள், மயானத்திலிருந்து நேராக இன்னொரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகாதீர்கள். தேயிலை மலைக்குள் போவதென்றால் வீட்டு ஆள் ஒருவரோடு போங்கள், தேயிலை ஆலையான ஸ்டோரைப் பார்க்க முன்அனுமதி வேண்டும், அன்று அது கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், பெரியவர்களோடு பேசுகிற நேரத்தை அதற்காகக் குறைக்க வேண்டாம்.

நாலு மணிக்குக் கிளம்பத் தொடங்குங்கள், அப்போதுதான் ஐந்துக்காவது கிளம்ப முடியும், மூட்டம் இறங்கிய பிறகு அந்த ரோட்டில் ஆட்டோவில் போவது நல்லதல்ல. தேயிலைத்தூள், கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு என்று பையில் கட்டித் தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். விமானத்தில் தூள் போகும், மரக்கறியைத் தங்கியிருக்கிற இடத்தில் கொடுத்துச் சமைக்கச் சொல்லலாம். ஊருக்குப் போனதும் போட்டோக்களை வாட்ஸ்அப்பில் உடனே அனுப்பிவிடுங்கள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கூப்பிட்டுப் பேசுங்கள். பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்ப நினைத்தால், தோட்டத்து முகவரிக்கு வருகிற கடிதம் பல இடங்களில் தோட்ட அலுவலகம் வழியாகத்தான் லயத்துக்கு வந்து சேரும், நாள் ஆகும். டவுனில் கடையில் வேலை செய்கிற தம்பி ஒருவன் குடும்பத்தில் இருந்தால் புறப்படும் முன் அந்தக் கடையின் முகவரியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.