முட்டிச் சில்லு நழுவும் சின்ன நாய்: வீட்டில் என்ன செய்யலாம்?

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நாய் திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் துள்ளும். அப்புறம் அந்தக் காலை ஒரு உதறு உதறிவிட்டு, எதுவுமே நடக்காததுபோல ஓடும். எங்கள் பொமரேனியன் இப்படிச் செய்தபோது விளையாடுகிறது என்றே பல மாதம் நினைத்திருந்தோம். உண்மையில் அதன் முட்டிச் சில்லு இடம்விட்டு நழுவி, மறுபடி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டிருந்தது.

தொடை எலும்பின் கீழ் முனையில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் உண்டு. காலை மடக்கி நீட்டும்போது சில்லு அதில்தான் மேலும் கீழும் ஓடும். பொமரேனியன், சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர், டாய் பூடில் போன்ற சின்ன இனங்களில் பல நாய்களுக்கு அந்தப் பள்ளம் ஆழமாக இருக்காது. சில்லு பெரும்பாலும் உள்பக்கமாக நழுவும். அனேகமாக இது பிறவி அமைப்பு. உங்கள் வளர்ப்பில் குறை என்று வருந்த வேண்டாம்.

முதலில் போனில் வீடியோ எடுங்கள். டாக்டர் முன்னால் நிறுத்தினால் பாதி நாய்கள் ஒழுங்காக நடந்து காட்டிவிடும். பின்னாலிருந்தும் பக்கவாட்டிலும் எடுத்து, ஒரு நாளில் எத்தனை முறை துள்ளுகிறது என்று குறித்துவையுங்கள்.

அடுத்து கால்நடை மருத்துவரிடம் போங்கள். அவர் கையால் தொட்டுப் பார்த்தே நிலையைச் சொல்லிவிடுவார். இரண்டு கால்களையும் பார்க்கச் சொல்லுங்கள். நிலைகள் நான்கு. 1: கையால் தள்ளினால் நழுவும், விட்டதும் திரும்பிவிடும். 2: அவ்வப்போது தானாகவே நழுவி, தானாகவோ கையால் தள்ளியோ உள்ளே போகும். 3: பெரும்பாலும் வெளியேதான் இருக்கும், உள்ளே தள்ளினாலும் மறுபடி நழுவும். 4: நிரந்தரமாக வெளியே, கையால் தள்ளவே முடியாது. வீட்டில் நீங்களாகத் தள்ளிப் பார்க்காதீர்கள்.

சரி, இனி நம் கையில் இருப்பது. எல்லாவற்றையும்விட எடைதான் முக்கியம். 4 கிலோ இருக்க வேண்டிய நாய்க்கு 400 கிராம் கூடினால், 60 கிலோ மனிதர் 6 கிலோ மூட்டையை நாள் முழுக்கச் சுமப்பதற்குச் சமம். விலாவில் கை வைத்தால் லேசான சதைக்கு அடியில் எலும்பு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லையா? ஆளுக்கொரு பிஸ்கட் போடுவதை இன்றே நிறுத்துங்கள். வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் இது நடக்கும். தாத்தா பாட்டிகளிடம் அன்பாகச் சொல்லிப் புரியவையுங்கள்.

பிறகு தரை. டைல்ஸிலும் மார்பிளிலும் கால் வழுக்கும்போது முட்டி முறுக்கிக்கொள்ளும். நாய் ஓடும் பாதையில் நழுவாத ரப்பர் மேட் விரியுங்கள். நகத்தையும் பாதத்து மெத்தைகளுக்கு இடையே வளரும் முடியையும் வெட்டிவிடுங்கள். சோபா, கட்டில், ஸ்கூட்டர் எதிலிருந்தும் குதிக்க விடாதீர்கள். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு, ஒரு கை பின்பக்கத்துக்கு.

தொடைத் தசை வலுவாக இருப்பது முட்டிக்குத் துணை. டாக்டர் சரி என்றால், வாரில் பிடித்து 10 நிமிட நிதான நடை, நாளுக்கு இரண்டு மூன்று முறை. உட்கார்ந்து எழச் சொல்லும் பயிற்சி ஐந்து முறை. நொண்டினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

வலிக்கிறதே என்று நம் வீட்டுப் பாரசிட்டமால், ஐபுபுரோஃபென் கொடுக்கவே கூடாது. ஐபுபுரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாரசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும்.

3, 4 நிலைகளிலும், அடிக்கடி நொண்டும் 2-ஆம் நிலையிலும் பொதுவாக அறுவை சிகிச்சையைச் சொல்வார்கள். பள்ளத்தை ஆழப்படுத்தி, தசைநார் பிடித்திருக்கும் எலும்புத் துண்டை நேர்கோட்டுக்கு நகர்த்துவார்கள். அதன்பின் 6 முதல் 8 வாரம் ஓட்டமும் குதிப்பும் கூடாது. வளரும் குட்டிக்கு நிலை மோசமென்றால் தள்ளிப்போடாதீர்கள், எலும்பு கோணிக்கொண்டே வளரும்.

என்றைக்காவது துள்ளல் மாறி, காலை ஊன்றவே மறுத்தால் அன்றே டாக்டரிடம் கொண்டுபோங்கள். இந்த நாய்களுக்கு முட்டிக்குள் இருக்கும் தசைநார் அறுந்துபோகவும் வாய்ப்பு உண்டு.