பினாயில் ஊற்றியும் நாறுகிறதா? கழிவறையில் நாம் செய்யும் தவறுகள்

சென்னையில் ஒரு வாடகைக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்த அலுவலகத்தில் சில ஆண்டுகள் நிர்வாக வேலை பார்த்தேன். நிர்வாகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஏசி ஓடவில்லை, தண்ணீர் கேன் வரவில்லை, டாய்லெட் நாறுகிறது என்று எல்லோரும் என்னிடம் வந்து நிற்பார்கள். முதல் இரண்டும் ஒரு ஃபோனில் முடிந்துவிடும். மூன்றாவது திங்கட்கிழமை தவறாமல் வரும். வாரம் முழுக்கச் சுமாராக இருக்கும் கழிவறை, இரண்டு நாள் விடுமுறை முடிந்து கதவைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும்.

"நான் நல்லாத்தான் கழுவுறேன் சார். வாடை கீழேருந்து வருது" என்றார் தூய்மைப் பணி செய்யும் அக்கா. நான் அதைக் காதில் வாங்காமல் இன்னொரு பினாயில் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே மருந்து தெளிப்பது, எல்லோரும் செய்கிற முதல் தவறு.

அவர் சொன்னது சரி என்று ஆறு மாதம் கழித்து வந்த பிளம்பர்தான் எனக்குப் புரிய வைத்தார். தரையில் சல்லடை மூடி போட்டிருக்கும் ஓட்டைக்குக் கீழே நஹானி டிராப் என்று ஒன்று இருக்கிறது. அதில் எப்போதும் சுமார் 2 அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடைக் குழாயில் உருவாகும் வாயு அறைக்குள் ஏறி வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். பேசினுக்கு அடியில் குழாய் வளைந்து போவதும், கழிப்பறைக் கோப்பையில் தண்ணீர் தேங்கி நிற்பதும் இதற்காகத்தான். 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் லண்டனில் இந்த வளைவுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று வரை இதைவிட எளிதான வழி வரவில்லை.

எங்கள் கழிவறையை ஒட்டி ஒரு குளியலறை இருந்தது. அங்கே யாரும் குளிப்பதில்லை என்பதால் பழைய பில் கட்டுகளை அட்டைப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தோம். மாதக்கணக்கில் அந்தத் தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. டிராப்பில் இருந்ததும் ஆவியாகிக் காய்ந்துவிட்டது. வேலை நாட்களில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடி வாடையை ஓரளவு வெளியேற்றியது. சனி, ஞாயிறு ஃபேன் நின்றதும் வாயு உள்ளேயே தேங்கியது. பிளம்பர் பெட்டிகளை நகர்த்தி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அரை வாளி தண்ணீர் ஊற்றினார். அவ்வளவுதான். வைத்தியம் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதனால், யாரும் பயன்படுத்தாத பாத்ரூம், மூலையில் கிடக்கும் சிங்க், ஏசி அறையின் தரைத் துளை எல்லாவற்றிலும் வாரம் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். நீண்ட விடுமுறை என்றால் தண்ணீர் ஊற்றிய பிறகு இரண்டு கரண்டி எண்ணெயும் ஊற்றிவிட்டால் அது மேலே படர்ந்து ஆவியாவதைத் தாமதப்படுத்தும். இன்னொன்று, சில டிராப்புகளில் சல்லடைக்கு அடியில் கவிழ்த்த கிண்ணம் ஒன்று இருக்கும். முடி சிக்கித் தண்ணீர் மெதுவாகப் போகிறது என்று அதைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிடுவார்கள். தண்ணீர் வேகமாகப் போகும், உண்மைதான். வாயுவும் அதே வேகத்தில் மேலே வரும்.

அழுகிய முட்டை வாடை என்றால் பெரும்பாலும் சாக்கடை வாயு. மூக்கைக் குத்தும் நெடி என்றால் அது சிறுநீர். புதிய சிறுநீருக்குப் பெரிதாக நாற்றமில்லை. அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியா சிதைத்து அம்மோனியாவாக மாற்றும்போதுதான் நெடி கிளம்புகிறது. அதோடு போர் தண்ணீரின் சுண்ணாம்பும் சேர்ந்துகொண்டால் யூரினலிலும் அதன் குழாய்க்குள்ளும் மஞ்சள் நிறத்தில் கல் போல உப்பு படியும். அந்தப் படிவம் பாக்டீரியாவுக்கு வீடு மாதிரி. மேலே எவ்வளவு பினாயில் ஊற்றினாலும் உள்ளே எதுவும் ஆகாது. பிளீச்சிங் பவுடர் போட்டால் கறை வெளுக்கும், உப்பு கரையாது. அதைக் கரைக்க லேசான அமிலம் வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) வெந்நீரில் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டு, பிறகு தேய்க்க வேண்டும். பழைய படிவம் என்றால் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். ஊற்றிய கையோடு கழுவிவிடுவதால்தான் பல இடங்களில் பலன் தெரிவதில்லை.

சரி, அமிலம் என்று சொன்னதும் ஆசிட் பாட்டிலைத் தரையில் கவிழ்க்காதீர்கள். டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டை ஆசிட் அரித்துவிடும். அப்புறம் அந்த இடுக்கு முழுக்கச் சிறுநீரை உறிஞ்சிக்கொண்டு நாறும். நாற்றம் போக ஆசிட், ஆசிட்டால் இன்னும் நாற்றம், அதற்கு இன்னும் ஆசிட்! மொசைக், மார்பிள் தரை என்றால் எலுமிச்சை உப்புகூட வேண்டாம்.

இதைவிட ஆபத்தான பழக்கம் ஒன்று உண்டு. "நல்லா பளிச்சுனு ஆகட்டும்" என்று ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போடுவது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915-ல் முதல் உலகப் போரில் ஆயுதமாக விட்ட அதே வாயு. சின்னக் கழிவறைக்குள் குனிந்து தேய்ப்பவருக்கு அது நேராக நுரையீரலுக்குள் போகும். தேங்கிய சிறுநீரின் மேல் பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவதும் நல்லதல்ல. அம்மோனியாவோடு சேர்ந்து அதுவும் நச்சுவாயுவைக் கிளப்பும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மருந்துதான்.

வாசனைப் பொருட்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாச்சை உருண்டையும் ரூம் ஸ்ப்ரேயும் நாற்றத்தைக் குறைப்பதில்லை, அதோடு மல்லிகையையும் சேர்க்கின்றன. அந்தக் கலவையை முகர்ந்தவர்களுக்குத் தெரியும்.

மாப் விஷயம் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. காலையில் ஒரு வாளி தண்ணீர், அதே மாப், அதே தண்ணீரில் மூன்று கழிவறையும் துடைத்தால் மூலையில் இருந்த சிறுநீரைத் தரை முழுக்கப் பூசுகிறோம் என்று அர்த்தம். பிறகு அந்த மாப்பை ஈரத்தோடு கழிவறைக்குள்ளேயே சாய்த்து வைப்பார்கள். தரையைக் கழுவி, வைப்பரால் தண்ணீரைத் தள்ளி, காய விடுவது நல்லது. மாப் வெயிலில் காய வேண்டும். இதற்கெல்லாம் இரண்டு மாப், கையுறை, போதுமான நேரம் கொடுத்தீர்களா என்று பார்த்துவிட்டுத்தான் பணியாளரிடம் கோபப்பட வேண்டும். நான் கொடுக்கவில்லை.

எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிவிட்டால் போதும் என்பதும் தவறு. காற்று வெளியே போக வேண்டுமென்றால் உள்ளே வரவும் வழி வேண்டும். கதவுக்கு அடியில் இடைவெளியோ ஜன்னலோ இல்லாவிட்டால் ஃபேன் காற்றை எங்கிருந்து இழுக்கும்? காய்ந்த டிராப் இருந்தால் அதன் வழியாகத்தான்.

பேருந்து நிலையம், சந்தை போன்ற இடங்களில் "சுத்தமாக இருக்கட்டும்" என்று நான்கு கழிப்பறைகளில் இரண்டைப் பூட்டி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். பூட்டியவற்றில் டிராப் காய்ந்து நாறும். திறந்திருப்பவை கூட்டம் தாங்காமல் நாறும். தண்ணீர் இல்லாமல் இயங்கும் யூரினல்களில் வேறு கதை. சிலவற்றில் வாடையைத் தடுக்க ஒரு திரவம் மிதந்துகொண்டிருக்கும். சுத்தம் செய்வதாக நினைத்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினால் அந்தத் திரவம் அடித்துக்கொண்டு போய்விடும். பயன்படுத்துகிற நாமும் ஒன்று செய்யலாம். இந்தியக் கழிப்பறையில் உட்காரும் முன்பே ஒரு மக் தண்ணீர் ஊற்றிவிட்டால் ஒட்டாது. பிறகு கழுவுவதும் சுலபம்.

இவ்வளவும் செய்து, எல்லா டிராப்பிலும் தண்ணீர் இருந்தும் வாடை வந்தால், சாக்கடை வாயுவை வெளியே விடும் வென்ட் பைப் அடைத்திருக்கலாம், அல்லது செப்டிக் டேங்க் நிறைந்திருக்கலாம். தண்ணீர் போகும்போது குழாயில் 'களக் களக்' என்று சத்தம் கேட்பது ஓர் அறிகுறி. டேங்க் மூடியைத் திறந்து ஆளை இறக்கிப் பார்க்கச் சொல்லாதீர்கள். உள்ளே இருக்கும் வாயு சில நிமிடங்களில் உயிரைக் குடித்துவிடும். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்கள்.

எங்கள் அலுவலகத்தில் அதன் பிறகு வெள்ளிக்கிழமை மாலை ஒரு வேலை கூடியது. கிளம்பும் முன் அக்கா மக்கை எடுத்துக்கொண்டு எல்லாத் துளைகளிலும் தண்ணீர் ஊற்றுவார். அட்டைப் பெட்டிகளை என் மேசைக்குப் பின்னால் அடுக்கிவிட்டோம்.